காத்திருந்தவளைக் கேட்காதீர்கள், காக்க வைத்தவரைக் கேளுங்கள்

"கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் ஏன் போனாள்?"

2025 செப்டெம்பர் 27-ஆம் திகதி இரவு, தமிழ்நாட்டில் கரூரில், நடிகர் விஜய்யைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் நெரிபட்டு 41 பேர் இறந்தார்கள். பெண்கள், சிறு பிள்ளைகள் என்று ஒரே இரவில் 41 உயிர். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காத வாய் இல்லை. டீவிக்கு முன்னால் இருந்து கேட்டார்கள், தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள், மலையில் கொழுந்து எடுக்கும்போது கேட்டார்கள். பதுளை வீதியால் இறங்கிவந்து மட்டக்களப்பின் எல்லைக் கிராமங்களில் குடியிருக்கும் நமது குடும்பங்களுக்குள்ளும் கேட்டார்கள்.

தோழர்களே, தாய்மார்களே, இந்தக் கேள்வி நமக்குப் புதிதா?

குளவி கொட்டி ஒரு பெண் மலையில் விழுந்தால், "கூடு இருப்பதைப் பார்க்காமல் ஏன் கை வைத்தாள்?" என்கிறார்கள். மரம் முறிந்து ஒருவன் மேல் விழுந்தால், "காற்று நேரத்தில் அங்கே ஏன் நின்றான்?" என்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, "எழும்பச் சொல்லியும் ஏன் எழும்பவில்லை?" என்றார்கள். எழும்பிப் போவதற்குக் காணி எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

செத்தவரிடம் கணக்குக் கேட்பது சுலபம். அவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருக்கிற பொறுப்பாளியிடம் கணக்குக் கேட்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையைச் செய்யத்தான் தொழிற்சங்கம் இருக்கிறது. அதனால்தான் சினிமா விஷயம் என்று இதை ஒதுக்கிவிடாமல் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறோம்.

நாம் சொல்வது இதுதான். தனக்குப் பிடித்த நடிகரை நேரில் பார்க்க ஆசைப்படுவது குற்றமில்லை. அந்த ஆசையைக் காட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டு, வந்த உயிர்களுக்குப் பொறுப்பேற்காமல் இருப்பதுதான் குற்றம்.

ஆசையைக் கேலி செய்யாதீர்கள்

படித்தவர்கள் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. நடிகரைப் பார்க்க ஓடுகிறவனைக் கண்டால் "பைத்தியம்" என்பார்கள். அவர்கள் பிள்ளைகளே வெளிநாட்டுக் கிரிக்கெட் வீரரோடு படம் எடுக்க ஹோட்டல் வாசலில் நின்றால், அதற்கு "ஆர்வம்" என்று பெயர். ஆசை ஒன்றுதான். சட்டையைப் பார்த்துப் பெயர் மாறுகிறது.

நமது பெரியவர்களின் ஆசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். கண்டிச் சீமையில் பிறந்தவர். 1965-ஆம் ஆண்டு சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தார். அதற்கு ஒரு வருடம் முந்தித்தான், 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் நம்மைப் பங்கு போட்டன. 1948-இலேயே பிரஜாவுரிமையைப் பறிகொடுத்தவர்கள், தாங்கள் எந்தப் பங்கில் விழுந்தோம் என்றுகூடத் தெரியாமல் இருந்த காலம் அது. அந்த நேரத்தில், தங்களைப் போலவே இந்த மண்ணில் பிறந்து, "தொழிலாளி" என்றும் "படகோட்டி" என்றும் திரையில் வந்து நின்ற ஒருவரை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர்கள் ஏங்கினால், அதில் என்ன பைத்தியம்? நாடே தன்னைக் கணக்கில் எடுக்காத ஒருவன், தன்னைத் திரையில் கண்ட மாதிரி உணர்ந்தான். அந்த மனதைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை யாருக்கும் இல்லை.

பிறகு நமக்கென்றே ஒரு நடிகர் வந்தார். தொழிற்சங்கவாதியான வி.பி.கணேசன் தயாரித்து நடித்த "புதிய காற்று" 1975-இல் வெளிவந்தது. தெளிவத்தை ஜோசப்பின் கதை. திரையில் இருந்த கதாநாயகனும் சங்க மேடையில் பேசிய ஆளும் ஒருவரேயாக இருந்த காலமும் நமக்கு உண்டு.

மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்தே ஒரு கதை சொல்லலாம். அமிர்தகழிப் பையன் ஒருவன், பாடசாலைச் சுற்றுலாவில் கித்துல்கலைக்குப் போனான். "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" என்ற ஆங்கிலப் படம் 1957-இல் வெளிவந்தது. அதன் படப்பிடிப்பு அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. டேவிட் லீன் என்ற இயக்குநர் மழை வேண்டும் என்று சத்தம் போட்டதும் மழை கொட்டியது என்றும், அந்த நேரமே இந்த வேலைதான் தனக்கு வேண்டும் என்று முடிவு செய்ததாகவும் அந்தப் பையன் பிற்காலத்தில் சொன்னார். அவர்தான் பாலு மகேந்திரா. "மூன்றாம் பிறை" எடுத்தவர். ஒரு பெண் தனக்கென்று ஒரு சிறிய வீடு கட்டப் படுகிற பாட்டை "வீடு" என்ற படத்தில் காட்டியவர். காணிக்கும் வீட்டுக்கும் ஏங்கி நிற்கிற நாம் எல்லோரும் பார்க்க வேண்டிய படம் அது.

நேரில் பார்த்த ஒரு காட்சி ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிவிடும். அப்படிப்பட்ட ஆசைக்குக் காவல் வேண்டும். அதை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் அந்தக் காவலைக் கொடுக்க வேண்டும்.

செக்ரோலில் ஏறாத பேர்

கரூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். அது தமிழக வெற்றிக் கழகத்தின் பிரசாரக் கூட்டம். எந்தக் கட்சி நல்லது, யாருக்கு வாக்களிப்பது என்பது தமிழ்நாட்டு மக்களின் விஷயம். நாம் பார்ப்பது கூட்டத்துக்கு வந்த சனங்களின் பக்கத்தை.

பொலிஸ் அதிகாரிகள் சொன்ன கணக்கின்படி, 10,000 பேர் வருவார்கள் என்று அனுமதி கேட்கப்பட்டது. ஏறக்குறைய 27,000 பேர் வந்தார்கள். பகல் 12 மணிக்குத் தலைவர் வருகிறார் என்று செய்தி போனது. காலை 11 மணியிலிருந்தே சனம் கூடியது. அவர் வந்து சேர்ந்தபோது இரவு 7.40. அதுவரை போதிய தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் வெயிலில் நின்றிருந்தார்கள்.

காலை 11 மணியிலிருந்து இரவு 7.40 வரை எட்டு மணித்தியாலத்துக்கு மேல். தோட்டத்துக் கணக்கில் அது ஒரு முழுப் பேர். காலையிலிருந்து நின்றவர்கள் 10,000 என்று வைத்தால் 10,000 நாள் பேர். இவ்வளவு பெரிய உழைப்பு எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை.

"உழைப்பா? சும்மா நின்றார்கள், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். வெறும் மைதானத்தில் நடிகர் வந்து நின்றால் அதற்கு என்ன மதிப்பு? அந்தப் படத்தை யார் போடுவார்கள்? மைதானம் நிறைந்து வழிந்தால்தான் விளம்பரம் கொடுத்த கம்பனிக்குச் சந்தோஷம், கட்சிக்குப் பலம், அமைப்பாளருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கான பேரம். கூட்டம்தான் அங்கே உற்பத்தியாகும் சரக்கு. அந்தச் சரக்கை உண்டாக்குகிறவர்கள் நின்றுகொண்டிருக்கிறவர்கள்.

நமது பக்கத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தார்கள். எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு வந்த காசு அது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நட்சத்திர இரவைப் பார்க்க ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த 1,750 ரூபாவும் போய்விடும். பஸ் காசு, பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் ஐஸ் பழம், நுழைவுச்சீட்டு எல்லாம் அதற்கு மேலே. இவ்வளவையும் கொடுத்துவிட்டு வருகிறவளை "ஓசிக் கூட்டம்" என்று மேடையிலிருந்து ஏசுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

கொழுந்துக்கு உள்ள கணக்கு மனிதருக்கு இல்லையா?

கூட்ட நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாகிறார்கள். முன்னும் பின்னும் உடம்புகள் அழுத்தும்போது நெஞ்சு விரிவதற்கு இடம் இருக்காது. நெஞ்சு விரியாவிட்டால் மூச்சு உள்ளே போகாது. 2022 ஒக்டோபர் 29-ஆம் திகதி தென் கொரியாவின் சோல் நகரத்தில், இதேவோன் என்ற இடத்தில், ஓர் ஒடுங்கிய சந்துக்குள் 159 பேர் மாட்டி இறந்தது இப்படித்தான். பிழைப்புக்காக அங்கே போயிருந்த இலங்கை இளைஞர் ஒருவரும் அதில் இறந்தார்.

ஒரு சதுர மீற்றருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது என்பது கூட்டங்களை ஆராய்ந்தவர்களின் கணக்கு. அதை நமது அளவில் சொல்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, கட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அதற்குள் 55 பேரை நிற்க வையுங்கள். அதுதான் அந்த எல்லை. அதற்கு மேலும் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தால், உள்ளே இருப்பவர் நினைத்தாலும் கால் நகராது. அப்போது "நீ ஏன் விலகி வரவில்லை?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

கொழுந்தை மூட்டையில் திணித்து அமுக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சூடேறிக் கறுத்துப் போகும். மூட்டைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு இருக்கிறது. மீறினால் கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார், தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள். கொழுந்துக்கு இருக்கிற கணக்கு மனிதருக்கு ஏன் இல்லாமல் போனது?

"இது இந்தியாவில் நடப்பது, நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். 2024 பெப்ரவரி 9-ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. நடிகை தமன்னாவும் வந்திருந்தார். காசு கொடுத்தவர்களுக்கு ஒரு பகுதி, இலவசமாக வந்தவர்களுக்கு ஒரு பகுதி என்று தடுப்புப் போட்டுப் பிரித்திருந்தார்கள். கூட்டம் பெருகியதும் தடுப்புகள் உடைந்தன. நிகழ்ச்சி நடுவிலே நின்றது. அதற்குப் பிறகு பல நாட்கள் யாழ்ப்பாண இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றியே பேசினார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட வேண்டியது யார் என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

அதே வருடம் டிசம்பர் 4-ஆம் திகதி ஐதராபாத்தில் "புஷ்பா 2" படத்தின் சிறப்புக் காட்சிக்கு நடிகர் அல்லு அர்ஜுன் வந்தபோது, தியேட்டரில் ஏற்பட்ட நெரிசலில் 35 வயதுத் தாய் ஒருவர் இறந்தார். அவருடைய மகன் ஆபத்தான நிலையில் வைத்தியசாலையில் கிடந்தான். அங்கே பொலிசார் வழக்குப் போட்டு நடிகரையே கைது செய்தார்கள். நீதிமன்றம் அவருக்குப் பிணை கொடுத்தது. கரூர் விவகாரத்தை மத்திய புலனாய்வுப் பிரிவு விசாரிக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஒக்டோபர் 13-ஆம் திகதி உத்தரவிட்டது. யார் மீது எவ்வளவு பிழை என்பதை அந்த விசாரணைகள் சொல்லட்டும். காக்க வைத்தவரையும் கேள்வி கேட்க முடியும் என்பது அங்கே தெரிந்துவிட்டது. அதை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாவிக் கரையில் நடந்தால்?

இப்போது மட்டக்களப்பை நினைத்துப் பாருங்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மகாஓயா, செங்கலடி வழியாக வான் பிடித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். நகரத்துக் கடைகளில் வேலை செய்கிற நமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்லடிக் கடற்கரையிலோ வெபர் மைதானத்திலோ பெரிய நட்சத்திரம் ஒருவர் வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டினால், இத்தனை பேரும் வருவார்கள்.

வந்தவர்கள் எந்த வழியால் திரும்பிப் போவார்கள்?

மட்டக்களப்பு வாவியால் வெட்டுப்பட்டுக் கிடக்கிற ஊர். புளியந்தீவு தண்ணீர் சூழ்ந்த தீவு. படுவான்கரைக்குப் போக வேண்டுமானால் வலையிறவிலோ மண்முனையிலோ பட்டிருப்பிலோ பாலம் ஏற வேண்டும். கல்லடிக்கும் நகரத்துக்கும் இடையில் 2013-இல் திறந்த புதிய பாலம். பக்கத்தில் 1924-ஆம் ஆண்டின் பழைய ஒடுங்கிய பாலம். கல்லடிக் கடற்கரையில் பத்தாயிரம் பேர் கூடி, ஏதோ ஒரு சத்தத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினால், நகரத்துப் பக்கம் போகிறவர்கள் அனைவரும் அந்தப் பாலத்துக்குத்தான் வர வேண்டும். போதனா வைத்தியசாலை இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். காயப்பட்டவரை ஏற்றிய அம்பியூலன்சும் அதே பாலத்தில், அதே கூட்டத்துக்கு நடுவிலேதான் போக வேண்டும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற நிலத்தில் ஓட இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை, 2004 சுனாமியில் நாவலடி கண்டது. அந்த ஊரில் கூட்டம் சேர்க்கிறவர், திரும்பிப் போகும் வழியைப் பற்றி முதலில் பேச வேண்டும். மேடை விளக்கைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கூட்டத்தை எப்படி நடத்துவது என்று இந்த மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து படிப்பிக்கத் தேவையில்லை. கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் மாமாங்கத் தீர்த்தத்துக்கும் எவ்வளவு சனம் வருகிறது? கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழி நெடுக ஊர்கள் சோறும் தண்ணீரும் கொடுக்கின்றன. மட்டக்களப்பின் கூத்தைப் பாருங்கள். வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கும். பாய் விரித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்து, விடிய விடியப் பார்ப்பார்கள். எழும்பிப் போக நினைத்தவர் எந்தப் பக்கத்தாலும் எழும்பிப் போகலாம். நமது தோட்டத்துக் காமன் கூத்தும் அப்படித்தான். ரதியாக ஆடுகிறவன் நேற்று நம்மோடு மலையில் நின்றவன். அவனைப் பார்க்க யாரும் மூச்சு முட்டிச் செத்ததில்லை.

தேருக்குக் கூட்டம் சேர்கிற ஊர் தண்ணீர்ப் பந்தல் போடுகிறது. நட்சத்திரத்துக்குக் கூட்டம் சேர்க்கிறவர் தடுப்புக் கம்பி போடுகிறார். வந்தவரை யார் எப்படி நினைக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

"யாரும் வெற்றிலை வைத்து அழைக்கவில்லையே!"

அமைப்பாளர்கள் சொல்லப்போகிற பதில்கள் நமக்குத் தெரியும்.

"அவர்களாகத்தான் வந்தார்கள்" என்பார்கள். சுவரொட்டி அடித்தது யார்? நேரம் போட்டது யார்? லவுட்ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவை ஊர் ஊராக விட்டது யார்? அழைப்பதற்கு இதைவிட என்ன செய்ய வேண்டும்?

"எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் கூடிவிட்டது" என்பார்கள். கூட்டம் கூட வேண்டும் என்பதற்காகத்தானே நட்சத்திரத்தைக் கொண்டுவந்தார்கள்? கூடினால் பெருமை பேசுவது, செத்தால் எதிர்பார்க்கவில்லை என்பது, இரண்டும் ஒரே வாயில் வரக்கூடாது.

"இவ்வளவு சட்டம் போட்டால் யாரும் நிகழ்ச்சி வைக்க மாட்டார்கள், உங்கள் பிள்ளைகளுக்குத்தான் சந்தோஷம் இல்லாமல் போகும்" என்பார்கள். இதே பேச்சைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! சம்பளம் கூட்டினால் தோட்டத்தை மூட வேண்டும் என்றார்கள். தேயிலை இன்னும் மலையில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கி வைப்பதற்கும், நாலு கக்கூஸ் அமைப்பதற்கும், வழியைத் திறந்து வைப்பதற்கும் ஆகும் செலவு, நடிகரின் விமானச் சீட்டுக்கு முன்னால் எம்மாத்திரம்?

உள்ளூராட்சி சபைகளும் கை கழுவ முடியாது. நுழைவுச்சீட்டு விற்கிற நிகழ்ச்சிக்குக் களியாட்ட வரி வாங்குகிறார்கள். வரி வாங்குகிறவர், உள்ளே போன ஆள் உயிரோடு வெளியே வருவதற்கும் பொறுப்பு.

நாம் கேட்க வேண்டியவை

நட்சத்திர நிகழ்ச்சி, கட்சிக் கூட்டம், கோயில் இசை விழா எதுவாக இருந்தாலும், அனுமதி கொடுப்பதற்கு முன் இந்த ஆறையும் கேளுங்கள்.

ஒன்று: சுவரொட்டியில் போட்ட நேரத்துக்கு ஆள் மேடைக்கு வர வேண்டும். வர முடியாது என்று தெரிந்த உடனேயே சனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இரண்டு: மைதானத்துக்கு எத்தனை பேர் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்த எண்ணிக்கையை வாசலில் எழுதி வைக்க வேண்டும். நிறைந்ததும் வாசலை மூட வேண்டும். மூடிவிட்டோம் என்பதைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே சொல்லித் திருப்ப வேண்டும்.

மூன்று: குடிதண்ணீர், கக்கூஸ், பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் இருப்பதற்குத் தனி இடம். காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்று இதில் பேதம் கூடாது.

நான்கு: உள்ளே வரும் வழி வேறு, வெளியே போகும் வழி வேறு. அம்பியூலன்ஸ் போகும் பாதையில் ஒருவரும் நிற்கக்கூடாது, முக்கியஸ்தர்களின் வாகனமும் நிற்கக்கூடாது.

ஐந்து: பொறுப்பாளர் ஒருவரின் பெயர் அனுமதிப் பத்திரத்திலும் சுவரொட்டியிலும் இருக்க வேண்டும். நட்ட ஈட்டுக்கான காப்புறுதியை நிகழ்ச்சிக்கு முன்பே காட்ட வேண்டும்.

ஆறு: இது தொழிற்சங்கங்களுக்கு. மேதினக் கூட்டத்துக்கு லொறியிலும் பஸ்ஸிலும் ஆட்களை ஏற்றிவந்து, தலைவர் வரும் வரை வெயிலில் நிற்க வைக்கிற வழக்கம் எந்தச் சங்கத்திலும் இருக்கக்கூடாது. இந்தச் சங்கத்துக்கும் அது பொருந்தும். மேலே உள்ள ஐந்தும் நமது கூட்டத்தில் இல்லாவிட்டால், மாதர் சங்கத் தலைவிகள் மேடைக்கு வந்தே கேளுங்கள்.

போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். குளவிக் கூட்டைக் கலைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்றாலும் நாம் தலையில் துணி சுற்றிக்கொள்கிறோம் அல்லவா, அது போலத்தான் இதுவும். நடுவிலும் மேடைக்கு நேர் முன்னாலும் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். வெளியே போகும் வழியை வந்த உடனே பார்த்து வையுங்கள். உங்களால் இன்னும் சுலபமாகத் திரும்பி நிற்க முடிகிற நேரத்திலேயே விலகிவிடுங்கள். நெரிசலில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மடித்து நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். மூச்சுக்கு இடம் கிடைக்கும். கூட்டம் தள்ளும்போது எதிர்த்துத் தள்ள வேண்டாம். தள்ளல் நிற்கிற இடைவெளியில் ஓரத்தை நோக்கிச் சாய்வாக நகருங்கள். செருப்பு விழுந்தாலும் போன் விழுந்தாலும் குனிய வேண்டாம். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி யாராவது உங்கள் முன்னால் "அவள் ஏன் போனாள்?" என்று கேட்டால், திருப்பிக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள்? எத்தனை மணிக்கு வந்தார்கள்? எத்தனை பேருக்கு இடம் இருந்தது? குடிக்கத் தண்ணீர் இருந்ததா? வெளியே போக எத்தனை வழி இருந்தது?

அடுத்த கலை விழாவுக்கோ கோயில் திருவிழாவுக்கோ நட்சத்திரம் வருகிறார் என்று உங்கள் பகுதியில் பேச்சு அடிபட்டால், சுவரொட்டி ஒட்டும் வரை காத்திருக்காதீர்கள். தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து, இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்து, மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ, பொலிஸ் நிலையத்திலும் ஒரு பிரதியாகக் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.